மூச்சுக்குக் கணக்கெடுக்கும் மாணவர்

அரிசிக்கு விலை உண்டு. அடுப்பெரிக்க விலை உண்டு. குடிக்கும் தண்ணீருக்குக் கூட விலை வந்துவிட்டது. காற்று ஒன்றுதான் இலவசம் என்பார் உண்டு. இலவசமா? இல்லை தோழர்களே, இல்லை! அதற்கும் விலை இருக்கிறது. அந்த விலையைக் கட்டுபவன் புகையை விடுபவன் அல்லன், புகையைக் குடிப்பவன்!

மேடை முழக்கம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்திலே கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்றே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் கக்கிய கரும்புகை ஊரின் கீழ்த்திசையிலே போய்ப் படிந்தது. வசதி படைத்தோர் மேற்கே மாளிகை கட்டினர். வாடகைக்கு வழியற்றோர் கிழக்கே ஒண்டினர். 70 நகரங்களில் நின்ற ஏறத்தாழ 5,000 புகைபோக்கிகளைப் பழைய நிலப்படங்களில் தேடிக் குறித்து, பொருளாதார ஆய்வாளர் மூவர் 2021-இல் வெளியிட்ட முடிவு இது. புகை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் கிழக்கின் வறுமை முற்றாக ஓயவில்லை என்கிறார்கள். காற்றுக்கு வர்க்கம் தெரியாது. ஆனால் காற்றடிக்கும் திசை பார்த்து மனை வாங்கத் தெரிந்தவன் இருக்கிறானே, அவனுக்குத் தெரியும்!

1952 டிசம்பர் 5. லண்டன் மாநகரில் காற்று அசையவில்லை. வீட்டு அடுப்புக் கரியும், ஆலைக் கரியும், மின்நிலையக் கரியும் விட்ட புகை மூடுபனியோடு கலந்து, கவிழ்த்த சட்டி போல் நகரின் மீது உட்கார்ந்தது. 9-ஆம் நாள் வரை அதே கதி. மாண்டவர் 4,000 பேர் என்றது அன்றைய கணக்கு. அடுத்தடுத்த வாரங்களிலும் சாவு குறையவில்லையே, அது ஏன் என்று கேட்டபோது, "இன்புளுயன்சா காய்ச்சல்" என்று கைகழுவியது அரசாங்கம். பின்னாளில் ஏட்டைப் புரட்டியவர்கள் 12,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றனர். அத்தனை பிணம் விழுந்த பிறகு, 1956-இல் வந்தது தூய காற்றுச் சட்டம். எண்ணப்படாத சாவுக்கு ஆட்சிப் பீடம் எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டும்!

ஆகவே எண்ண வேண்டும். எண்ணுவது யார்? பட்டம் பெற்ற நிபுணர் மட்டுமா? அந்த நாட்டிலே பள்ளிப் பிள்ளைகளே எண்ணினார்கள்!

1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 15,000 பிள்ளைகள் பிரிட்டன் முழுதும் கிளம்பினர். அவர்கள் தேடியது என்ன தெரியுமா? நம் செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குப் போடும் கல்பாசி இருக்கிறதே, அந்த இனத்தை! அதற்கு வேர் கிடையாது; மழையிலும் காற்றிலும் வருவதை உண்டு வாழும். கரிப்புகையில் இருக்கும் கந்தக வாயு பட்டால் மடியும். தாடி போல் தொங்கும் வகை முதலில் மறையும். இலை போன்றது அடுத்து மறையும். சுவரோடு ஒட்டிய பொருக்கு போன்றதே கடைசி வரை தாங்கும். எந்த ஊரில் எது இருக்கிறது, எது இல்லை என்று மரத்தையும் மதிலையும் பார்த்துப் பிள்ளைகள் குறித்தனர். நாட்டின் அழுக்குக் காற்றுக்குப் படம் கிடைத்தது. செலவு? நடந்து தேய்ந்த செருப்பு!

இன்று அங்கே கரிப்புகை போய் மோட்டார் புகை வந்திருக்கிறது. பூகோளம் படிக்கும் மாணவரும் அதற்கேற்ற கருவி தூக்குகின்றனர். வகுப்பறையை விட்டு வெளியே போய்க் களத்திலே ஆராய்வது அங்கே பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி. கருவியோ விரல் நீளக் குழாய். ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனையில் மருந்து தடவிய கம்பிவலை. விளக்குக் கம்பத்தில் கட்டிச் சில வாரம் விட்டால், மோட்டார் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு அதில் ஒட்டும். ஆய்வுக்கூடம் அளவைச் சொல்லும். பெருஞ்சாலையில் ஒன்று, சந்தில் ஒன்று, பள்ளி வாயிலில் ஒன்று, பூங்காவில் ஒன்று.

கட்டினால் மட்டும் போதுமா? போதாது. எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே கால அளவு தொங்க வேண்டும். ஓரிடத்திலேயே இரண்டு மூன்று கட்டி ஒத்துப் பார்க்க வேண்டும். திறக்காத குழாய் ஒன்றையும் ஒப்பிட வைத்திருக்க வேண்டும். போகும் வண்டிகளை எண்ண வேண்டும். காற்றின் திசையை எழுத வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு? நாளை எதிர்த்தரப்பு வக்கீல் ஓட்டை தேடுவார், தோழர்களே! ஓட்டையில்லாத கணக்கின் முன்னேதான் அவர் வாயடைப்பார்.

2019-இல் லண்டனின் ஐந்து பள்ளிகளைச் சேர்ந்த 250 பிள்ளைகள் காற்றளவி பொருத்திய பைகளை முதுகில் சுமந்து பள்ளிக்குப் போனார்கள். பெருஞ்சாலை வழியே நடந்த பிள்ளை, பின்தெரு வழியே நடந்த பிள்ளையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக அந்த வாயுவைக் குடித்தது தெரிந்தது. அதே பள்ளி, அதே மணி. பாதை மட்டுமே வேறு!

இந்தக் கணக்கால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்வோர் இதைக் கேட்கட்டும். லண்டன் பெருஞ்சாலை ஓரம் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் மாண்டாள். 2014-இல் நடந்த முதல் விசாரணை காற்றைப் பற்றிப் பேசவில்லை. தாய் ஓயவில்லை. அருகில் இருந்த அளவுநிலையத்தின் பதிவுகளையும் மகள் மருத்துவமனை சென்ற நாட்களையும் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஒப்பிட்டார். மறு விசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அந்த நாட்டில் அதுவே முதல் முறை. தாயின் கண்ணீருக்கு அந்த எண்கள் சாட்சி சொல்லின!

நமக்கும் இதில் வேலை உண்டு. காற்றில் மிதக்கும் நுண்தூளுக்கு நம் நாடு 2009-இல் வகுத்த வரம்பு, கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதோ 5. எட்டு மடங்கு! நம்மவர் நுரையீரல் என்ன இரும்பால் ஆனதா? எண்ணூரிலும் மணலியிலும் புகைபோக்கி பார்த்து வளரும் பிள்ளை பூகோளப் புத்தகத்தில் பருவக்காற்றின் திசையைப் படிக்கிறான். அந்தக் காற்று எந்த ஆலையைத் தாண்டித் தன் குடிசைக்கு வருகிறது என்றும் அவன் படிக்கட்டும்.

மாணவர் தெருவுக்கு வந்தால், தோழர்களே, ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஷிப்டில் புகை மிகும், எந்த இரவில் நெடி எழும் என்பதை ஆலையில் உழைக்கும் உங்களைவிட அறிந்தவர் யார்? நாளும் மணியும் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். "நாறுகிறது" என்று நாம் கூவினால் "பொறுத்துக்கொள்" என்பார்கள். நாளும் மணியும் அளவும் எழுதிய ஏட்டை மேசைமீது வைத்தால், பதில் எழுதியே தீரவேண்டும்!