ஆட்டிசமுள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானதும் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி. அடுத்துக் கேட்பது பள்ளியைப் பற்றி. முதற்கேள்விக்கு விடை சுருக்கமானது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. உடன்வரும் வலிப்பு, உறக்கமின்மை, மிகுந்த துறுதுறுப்பு போன்றவற்றுக்கே மருந்து பயன்படுகிறது. ஸ்டெம் செல் சிகிச்சையால் குணமாகும் என்று கூறிப் பல இலட்சம் ரூபாய் கேட்பவர்கள் உள்ளனர். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டிலேயே தெரிவித்துவிட்டது. அந்தப் பணத்தைப் பிள்ளையின் கல்விக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் அறிவுரை. இரண்டாம் கேள்விக்கு விடை சற்று நீளமானது.

லியோ கானர் என்னும் மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் ஆட்டிசம் மருத்துவ உலகில் கவனம் பெற்றது. அதன்பின் நெடுங்காலம் தாயின் அன்புக்குறைவே இதற்குக் காரணம் என்று மருத்துவர்களே நம்பினர். அக்கருத்து முற்றிலும் தவறானது. ஆயினும் இன்றும் சில வீடுகளில் மாமியாரின் வாயிலும் அண்டை வீட்டாரின் வாயிலும் அது உயிரோடிருக்கிறது. இக்குழந்தைகளால் கற்க இயலாது என்ற எண்ணத்தை முதலில் எதிர்த்தவர்களும் பெற்றோரே. இங்கிலாந்தில் அவர்கள் 1962இல் ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் பள்ளி 1965இல் இலண்டன் நகரின் ஈலிங் பகுதியில் சிபில் எல்கர் என்னும் ஆசிரியையின் பொறுப்பில் தொடங்கியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷாப்ளர் 1972இல் தொடங்கிய திட்டம், படங்களின் வழியாகவும் ஒழுங்கமைந்த சூழலின் வழியாகவும் கற்பிப்பதை ஒரு முறையாக வகுத்தது. நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகளின் சுவர்களில் நீங்கள் காணும் பட அட்டவணைகள் அந்த வழியில் வந்தவையே.

பட அட்டவணையைச் சிலர் விளையாட்டுப் பொருளாக எண்ணுகின்றனர். அதன் பயன் எளிமையானது. வாயால் சொன்ன சொல் காற்றில் கரைந்துவிடும். படம் கண்முன் நிற்கும். பல் துலக்குதல், குளியல், இட்லி, சீருடை, பள்ளி வேன் என ஐந்து படங்களை வரிசையாக ஒட்டி, ஒன்று முடிந்ததும் அதனைக் கழற்றி ஒரு பெட்டியில் இடப் பழக்கினால், அடுத்து என்ன நிகழும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். காலையில் எழும் அழுகையில் பெரும்பகுதி அடுத்தது என்னவென்று தெரியாத அச்சத்தால் விளைவது. வேன் வராத நாளில் ஆட்டோவின் படத்தை அந்த இடத்தில் ஒட்டிக் காட்டினால் மாற்றத்தையும் அது ஏற்கத் தொடங்கும். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு நேர்வதில்லை. கேட்பதற்கு ஒரு வழி கிடைத்த பிள்ளை அலறுவதும் அடிப்பதும் பெரும்பாலும் குறைகின்றன.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை குழம்பிவிடும், ஆகவே வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுங்கள் என்று சில இடங்களில் அறிவுறுத்தப்படுகிறது. இதற்கு ஆதாரமில்லை. இரு மொழிகளுக்கிடையே வளர்வது ஆட்டிசமுள்ள குழந்தையின் பேச்சுத் திறனைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தாவும் பாட்டியும் தமிழில் பேச, தாய் மட்டும் தனக்கே இயல்பல்லாத ஆங்கிலத்தில் இரண்டிரண்டு சொற்களாகப் பேசும்போது, வீட்டின் உரையாடல் முழுவதிலிருந்தும் பிள்ளை விலக்கப்படுகிறது. தமிழிலேயே பேசுங்கள்; குறுகிய சொற்றொடர்களில் பேசுங்கள்; பதிலுக்காகச் சற்றுக் காத்திருங்கள்.

சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்பதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. சட்டம் இரண்டு வாயில்களையும் திறந்து வைத்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுத்தல் ஆகாது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். அவர் எந்தெந்த நாளில் வருவார் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டறியுங்கள்.

சேர்ப்பது மட்டும் போதாது என்பதையும் கூறிவிடுகிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடம் கடினமாக இராது. காலை வழிபாட்டு ஒலிபெருக்கியும் மதிய உணவு வேளையின் தட்டுச் சத்தமும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். காதை மறைக்கும் கருவி, மணியடிப்பதற்கு முன் ஓர் அறிவிப்பு, ஒதுங்கி அமர ஒரு மூலை ஆகியவற்றைத் தலைமையாசிரியர் மனம் வைத்தால் செலவின்றியோ சிறு செலவிலோ செய்யலாம். இவ்வளவு செய்தும் பிள்ளை நாள்தோறும் நடுங்கிக்கொண்டே செல்லுமாயின், சில ஆண்டுகள் சிறப்புப் பள்ளியில் பயின்று பின்னர் மாறுவது தோல்வியன்று.

சிறப்புப் பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறதா, அதில் மூன்று மாதத்துக்கான இலக்கு என்னவென்று உள்ளதா என்று பாருங்கள். ‘பழக்கவழக்கம் மேம்படுதல்’ என்று எழுதியிருந்தால் அது இலக்கன்று. ‘தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படத்தைத் தானே எடுத்துக் கொடுத்தல்’ என்பதே இலக்கு. பிள்ளை கட்டுக்கடங்காமல் அழும்போது என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை அவசியம் கேளுங்கள். அடிப்பதும், கட்டிவைப்பதும், இருட்டறையில் அடைப்பதும் எந்தப் பயிற்சியின் பகுதியும் அல்ல. வகுப்பு நடக்கும்போது பெற்றோர் பார்க்கக் கூடாது என்று எப்போதும் மறுக்கும் இடத்தில் சேர்ப்பதற்கு முன் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

பொதுத் தேர்வு எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. இவற்றுக்கான விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளில், ஒரு தடவைக்கு ஓரிரு பாடங்களாகத் தேர்வெழுதி முடிக்கலாம். எல்லாப் பாடங்களையும் ஒரே மாதத்தில் எழுதத் திணறுவோருக்கு இது நல்ல வழி.

பன்னிரண்டு வயதுக்குப் பின் பள்ளியும் வீடும் வேறு சிலவற்றைக் கற்பிக்க வேண்டும். மாதவிடாயின்போது அணையாடை மாற்றுவதைப் படவரிசையாக, முதல் மாதவிடாய்க்கு முன்பே பழக்குங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுதல், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பவை ஆண்பிள்ளைக்கும் உரியவை. ஆறு வயதில் எல்லோரையும் கட்டியணைத்ததை ‘அன்பான பிள்ளை’ என்று கொண்டாடிய உறவினர், பதினாறு வயதில் அதே செயலுக்காக அவனைக் கண்டு ஒதுங்குகின்றனர். ஆகவே கைகூப்பி வணங்கும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே தொடங்குவது நன்று. தனியே வெளியேறிச் செல்லும் இயல்புடைய பிள்ளையின் உடையில் தொலைபேசி எண்ணைத் தைத்து வையுங்கள். அருகில் கிணறோ குளமோ இருப்பின் நீச்சலும் கற்பியுங்கள்.

பதினெட்டு வயது நிறைந்தபின் சட்டத்தின் பார்வையில் பிள்ளை முழு வளர்ந்தவர்; பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. வங்கியிலோ சொத்துப் பதிவிலோ சிக்கல் எழும்போதுதான் பலர் இதை அறிகின்றனர். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, தேவையென்று கண்டால் பாதுகாவலரை நியமிக்கிறது. அதே அமைப்பின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கோரலாம். பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு.

இவை பலவற்றுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். சான்றுக்கான மதிப்பீடு 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலின்படி நடைபெறுகிறது. பிள்ளையைக் கவனிப்பதோடு பெற்றோரிடமும் கேள்விகள் கேட்கப்படும் என்பதால் அவசரமாக முடிக்க இயலாது. பிள்ளையின் ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், நிழற்படங்கள், பழைய பயிற்சிக் குறிப்புகள் ஆகியவற்றோடு, பள்ளி ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த பொருள் ஒன்றையும் கையில் கொடுத்து அழைத்து வாருங்கள்; காத்திருக்கும் நேரம் அதனால் எளிதாகக் கழியும்.