கூட்டுறவிலிருந்து அரசுக்கு: களமசேரி மருத்துவக் கல்லூரி

எர்ணாகுளம் மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் கேரளத்தின் வணிக மையமான கொச்சி அமைந்துள்ள அந்த மாவட்டத்தில், 2013 வரை அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது. திருவனந்தபுரத்தில் 1951-லும் கோழிக்கோட்டில் 1957-லும் தொடங்கிவிட்டன. கோட்டயம், ஆலப்புழை, திருச்சூர் என அண்டை மாவட்டங்களுக்கும் கிடைத்தன. பணம் உள்ளவருக்கு நகரத்திலேயே உயர்தர சிகிச்சை கிடைத்தது. மட்டாஞ்சேரியின் சுமைதூக்கும் தொழிலாளியோ, எர்ணாகுளம் பொது மருத்துவமனையின் எல்லையைத் தாண்டிய நோய் வந்தால், கோட்டயத்துக்கோ ஆலப்புழைக்கோ பேருந்து ஏற வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நூற்றாண்டின் திருப்பத்தில், நகரின் வடக்கே தொழிற்சாலைகள் சூழ்ந்த களமசேரியில், கூட்டுறவுத் துறையின் கீழ் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதை நடத்திய கூட்டுறவு அமைப்பை உருவாக்கியது மாநில அரசுதான். ஆனாலும் செலவைக் கட்டணத்திலிருந்தே ஈட்டியாக வேண்டும் என்பதால், அரசுக் கல்லூரியின் விலையில் அங்கே படிப்பும் கிடைக்கவில்லை, சிகிச்சையும் கிடைக்கவில்லை. நீண்ட கோரிக்கைகளுக்குப் பின், உம்மன் சாண்டி முதல்வராக இருந்த 2013 டிசம்பரில், மாநில அரசு அதை நேரடியாக ஏற்றுக்கொண்டது. கண்ணூர் மாவட்டத்தின் பரியாரம் கூட்டுறவு மருத்துவக் கல்லூரியும் 2018-இல் அதே வழியில் அரசிடம் வந்தது. தமிழ் வாசகர்களுக்குச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரலாம். 2013-இலேயே அதை நடத்திய பல்கலைக்கழகம் அரசின் பொறுப்புக்கு வந்தும், மாணவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 2021-இல்தான் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறிக் கட்டணமும் குறைந்தது. பெயர்ப்பலகை யாருடையது என்பதைவிட, நோயாளியும் மாணவரும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே இதில் முக்கியமான கேள்வி.

அரசு மருத்துவமனையின் தேவையைப் புரியவைத்தவை இரண்டு தொற்றுகள். 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா உறுதியானது. அவர் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். ஆனால் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் தனிமைப்படுத்திக் கண்காணிக்கும் பொறுப்பைக் களமசேரிதான் சுமந்தது. அச்சம் தரும் நோய்க்கென ஒரு வார்டையே காலி செய்து காத்திருப்பதில் எந்த வருமானமும் இல்லை, அதனாலேயே அது அரசின் வேலையாகிறது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது கல்லூரி மருத்துவமனை முழுவதும் அந்த நோய்க்கே ஒதுக்கப்பட்டது. கேரளத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 28 அன்று இங்கேதான் நிகழ்ந்தது. இறந்தவர் துபாயிலிருந்து திரும்பிய, மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த 69 வயது முதியவர். மருத்துவமனை முழுவதையும் ஒரே நோய்க்கு ஒதுக்கியதற்கு ஒரு விலையும் இருந்தது. வழக்கமாகக் களமசேரிக்கு வந்துகொண்டிருந்த மற்ற நோயாளிகள் வேறு மருத்துவமனைகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. மாவட்டத்துக்கு ஒரே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இருந்தால் அதன் சுமை ஏழைகளின் மீதுதான் விழும்.

தனியாரிடம் சென்றவர்களைக் காக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் நடுவே, தனியார் மருத்துவமனைகள் கொரோனா நோயாளிகளிடம் வசூலித்த தொகைகள் கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்தன. கஞ்சிக்கு மட்டும் 1,300 ரூபாய்க்கு மேல் வாங்கிய ரசீது நீதிபதிகளை அதிரவைத்தது. பொது வார்டுக்கு நாளொன்றுக்கு 2,645 ரூபாய், தேசியத் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் 2,910 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்தது. மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் சட்டத்தை மாநிலம் 2018-இலேயே இயற்றியிருந்தது. கட்டண விவரத்தை நோயாளி காணும்படி வைக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பிரிவுகளில் ஒன்று. சட்டப் புத்தகத்தில் இருக்கும் விதி, ஊரையே உலுக்கும் ஒரு நெருக்கடி வந்தால்தான் பில்லில் பிரதிபலிக்கும் என்பது வருத்தத்துக்குரியது.

புற்றுநோய் சிகிச்சையிலும் இதே இழுபறிதான். திருவனந்தபுரத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்கிவருகிறது. கொச்சியிலிருந்து அது சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கதிர்வீச்சுக்காக வாரக்கணக்கில் அங்கே தங்க ஏழைக் குடும்பத்தால் முடியாது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் முதுமையிலும் விடாமல் எழுப்பிய கோரிக்கையின் பலனாக, 2014 ஆகஸ்டில் களமசேரியில் கொச்சின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். 2016-இல் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. மையத்தின் பிரதான கட்டடத்தின் ஒரு பகுதியோ, பணி நடந்துகொண்டிருந்த 2019-இல் இடிந்து விழுந்தது. ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் புற்றுநோயாளிக்கு எதைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்கான பணத்தை யார் கட்டுவது என்பது தனிக் கேள்வி. கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரட்சா திட்டத்தில் ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளி சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. அப்படியிருந்தும் மருத்துவத்துக்காக மக்கள் தம் கையிலிருந்து செலவழிக்கும் தொகையில் கேரளம் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. காரணம் எளிது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுவதும் வாங்கும் மாத்திரைக்கு, படுக்கையில் சேர்ந்தால்தான் பலன் தரும் காப்பீடு உதவாது. அதற்கு வேண்டியது வீட்டருகே மருந்து தரும் அரசு நிலையம். 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியது இதற்காகவே. மருந்துக் கொள்முதலுக்குக் கேரளம் 2007-இல் அமைத்த கழகமும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் முன்மாதிரியில் உருவானதுதான்.

இவை அனைத்துக்கும் சட்ட அடிப்படை, பொது சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்று கூறும் அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு. ஆனால் வழிகாட்டு நெறி என்பதால் அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியைத் திறந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை மேற்கு வங்கத்தில் அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21-ஆம் பிரிவையே அந்த அரசு மீறிவிட்டதாகவும், பணமில்லை என்ற காரணம் செல்லாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்கியது.

களமசேரி, பெரும்பாவூர் பகுதிகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களை இந்த உரிமை இன்னும் முழுமையாக எட்டவில்லை. அவர்களுக்காகக் கேரள அரசு 2017-இல் கொண்டுவந்த ஆவாஸ் திட்டம் தொடக்கத்தில் 15,000 ரூபாய் வரை சிகிச்சைக்கும், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய்க்கும் உறுதியளித்தது. அந்த உதவியைப் பெறப் பதிவும் அட்டையும் வேண்டும். அடிக்கடி இடம் மாறும், மலையாளம் வாசிக்கத் தெரியாத ஒருவர் அவற்றைப் பெற, பதிவு முகாம் அவர் தங்கியிருக்கும் இடத்துக்கே வர வேண்டியிருக்கிறது.