டிவி ஸ்டாண்ட் வாங்கணுமா, வேண்டாமா? கடப்பா கல் முதல் வால் மவுன்ட் வரை: சின்ன ஹாலுக்கு என்ன செட் ஆகும்?

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் பெரிய செலவு எல்லாமே தீபாவளியை ஒட்டித்தான் நடக்கும். போனஸ் கைக்கு வரும், பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். புது டிவி வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. 43 இன்ச் அட்டைப்பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியதும்தான் அடுத்த பஞ்சாயத்து தொடங்கும். இதை எங்கே வைப்பது?

பழைய ஸ்டாண்டில் உட்காராது. சுவரில் மாட்டலாம் என்றால் ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே யோசிக்கச் சொல்வார். கடையில் கண்ணாடி வைத்த டிவி யூனிட்டின் விலையைக் கேட்டால், 'இன்னொரு டிவியே வாங்கிடலாம் போல' என்று தோன்றும். அப்படியானால் வேறு என்னதான் வழி?

ஸ்டாண்ட் இல்லாத ஊருக்கு வந்த டிவி

தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிப்படி, அந்த ஆண்டு செப்டம்பரில் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு 14 இன்ச் டிவி போய்ச் சேர்ந்தது. (இந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கை வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் 'இலவசம்' பற்றி டிவியில் விவாதம் நடந்தால் அந்தத் தீர்ப்பின் பெயர் அடிபடும்.)

அரசு டிவியைக் கொடுத்தது, ஸ்டாண்டைக் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்த வழியில் இடம் பிடித்தது. கல்யாணத்துக்கு வந்த ட்ரங்குப் பெட்டி, ஓடாத தையல் மெஷின், சுவரோடு கட்டிய கடப்பா கல் ஷெல்ஃப், கெட்டிச் சுவர் வீடுகளில் மாடக்குழி. எதுவும் இல்லாத வீட்டில் இரும்பு ஆங்கிள் அடித்து, கையெட்டாத உயரத்தில் ஒரு பலகை. குழந்தை தொடக்கூடாது, கீழே இடமும் அடையக்கூடாது.

அந்த உயரம் ஒரு பழக்கமாகவே நின்றுவிட்டது. டியூப் டிவி போய் எல்.இ.டி. வந்த பிறகும் பல வீடுகளில் பழைய டிவி இருந்த அதே இடத்தில், கதவு நிலைக்கு மேலே புது டிவி தொங்குகிறது. கழுத்து வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதலில் எங்கே உட்காருகிறீர்கள்?

டிவியின் நடுப்பகுதி, பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் சோஃபாவுக்குப் போட்டவை. நம்ம ஹாலில் பாதிப் பேர் பாயில்தான் உட்காருவார்கள். சாப்பாடு அங்கேதான், பிள்ளைகளின் ஹோம்வொர்க் அங்கேதான். தீப்பெட்டிக் கட்டு ஒட்டிய காலத்தில் கை வேலை செய்ய, கண் டிவியைப் பார்க்க, அதுவும் அங்கேதான்.

தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் சுமார் இரண்டரை அடி. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தால் சுமார் மூன்றரை அடி. 43 இன்ச் டிவியின் உயரம் ஏறத்தாழ 21 இன்ச், அதில் பாதி பத்தரை. அப்படியானால் பாய் வீட்டுக்கு டிவியின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தாலே போதும். சேர் வீட்டுக்கு இரண்டரை அடி. ஸ்டாண்ட் வாங்கலாமா வேண்டாமா என்பதில் பாதி இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடும்.

ஏனென்றால் ஒன்றரை அடி என்பது கிட்டத்தட்ட ட்ரங்குப் பெட்டியின் உயரம். இரண்டரை அடி என்பது தையல் மெஷின் மேசையின் உயரம். அம்மாவும் பாட்டியும் இன்ச் டேப் இல்லாமலே சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அகலத்தில்தான் சிக்கல்

43 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 37 இன்ச், அதாவது மூன்றடிக்கு மேல். 55 இன்ச் என்றால் நான்கு அடி. டியூப் டிவிக்கு ஆழம் தேவைப்பட்டது, அகலம் தேவைப்படவில்லை. எல்.இ.டி. அப்படியே தலைகீழ். அதோடு, இப்போது வரும் பல மாடல்களில் கால்கள் இரண்டும் ஓரத்தில் இருக்கின்றன. பழைய ஸ்டாண்டில் ஒரு கால் வைத்தால் இன்னொரு கால் அந்தரத்தில் நிற்கும். 'ஒரு பலகையை மேலே போட்டுடலாம்' என்று பலர் செய்வது இங்கேதான் ஆபத்தாகிறது. ஒட்டாமல் சும்மா போட்ட பலகை, ஒரு பக்கம் கை ஊன்றினால் சீசா மாதிரி தூக்கும்.

தையல் மெஷின் ஸ்டாண்டை எடுத்தால், மெஷினைக் கழற்றிவிட்டு, இரும்புக் காலின் மேல் மூன்றரை அடிப் பலகையை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வார்ப்பிரும்புக் கால் கனமானது, எடை கீழே இருப்பதால் எளிதில் சாயாது. ட்ரங்குப் பெட்டியில் வேறு பிரச்சினை. அதைத் திறக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் டிவியை இறக்க வேண்டும். பட்டுப்புடவையையும் பத்திரத்தையும் அதில் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

வாடகை வீடா? இரண்டு பிளாக், ஒரு கல்

சுவரைத் தொடாமல், காசும் அதிகம் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. பார்க்க அவ்வளவு ஸ்டைலாக இல்லாவிட்டாலும், இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

ஹாலோ பிளாக் நான்கு. ஒவ்வொன்றும் 16 இன்ச் நீளம், 8 இன்ச் அகலம், 8 இன்ச் உயரம். இரண்டிரண்டாக அடுக்கினால் 16 இன்ச். நீளப் பக்கம் சுவரிலிருந்து வெளியே வருகிற மாதிரி இருக்கட்டும். மேலே நான்கடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒரு இன்ச் கனத்தில் கடப்பா கல். மொத்த உயரம் 17 இன்ச். பாய் வீட்டுக்குச் சொன்ன ஒன்றரை அடி கிட்டத்தட்ட வந்துவிட்டது. சேர் வீடு என்றால் மூன்று மூன்றாக அடுக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சிமென்ட் வைத்துக் கட்டாத மூன்றடுக்கு, பிள்ளைகள் ஓடும் ஹாலுக்குச் சரிவராது.

கல் மட்டுமே 30 கிலோ பக்கம் வரும். அதுதான் அதன் பலம். மூன்று வயதுக் குழந்தை பிடித்து இழுத்தாலும் நகராது, கரையான் தொடாது, கூட்டும்போது தண்ணீர் பட்டாலும் உப்பாது. பிளைவுட் மாதிரி போர்டு வைத்த ரெடிமேட் ஸ்டாண்டுகளின் முதல் எதிரியே தரை துடைக்கும் தண்ணீர்தான். ஒரே ஒரு கவனம்: பிளாக்குகள் டிவி கால்களுக்கு நேர் கீழே வரட்டும். கடப்பா கல் நடுவில் எடை ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பிளாக்குக்கும் கல்லுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் ஆடாது. வீடு மாறும்போது எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடலாம், அட்வான்ஸில் ஒரு ரூபாய் கழியாது.

பிரஸ்ஸில் பேப்பர் ரீம் அடுக்குகிற இரும்பு ரேக் சிவகாசியில் எல்லோரும் பார்த்ததுதான். துளை போட்ட ஆங்கிளை வேண்டிய அளவுக்கு வெட்டி நட்டு போட்டு முடுக்குவது. அதே ரேக்கை மூன்றரை அடி அகலத்தில், இரண்டு தட்டோடு, இரண்டரை அடி உயரத்தில் செய்தால் சேர் வீட்டுக்கான ஸ்டாண்ட் ரெடி. கீழ்த் தட்டில் கனமானதை வையுங்கள். மூலை ஆங்கிள் முனைகளுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

சக்கரம் வைத்த டிராலி ஸ்டாண்ட், மூன்று கால் ஈசல் ஸ்டாண்ட் எல்லாம் ஆன்லைனில் அழகாகத் தெரிகின்றன. தனியாக இருப்பவர்களுக்கு ஓகே. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஈசல் வேண்டவே வேண்டாம்.

சுவரில் மாட்டுவதென்றால்

43 இன்ச் எல்.இ.டி. பத்து கிலோவுக்குள்தான் இருக்கும். அதனால் சுவர் தாங்குமா என்ற பயம் தேவையில்லை. எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி.

செங்கல் சுவருக்கு பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குரூவும் போதும், ஆனால் பிளக் பூச்சைத் தாண்டி செங்கலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அரை இன்ச் பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் ஸ்குரூ ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். கான்கிரீட் தூணுக்கு ஹாமர் டிரில்லும் ஆங்கர் போல்ட்டும். ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம், சாதா பிளக் பிடிக்காது. உள்ளே போய் விரியும் டாகிள் போல்ட் கேளுங்கள், அல்லது கெட்டியான பிளைவுட் பலகையைப் பல இடங்களில் பிடித்து, டிவி பிராக்கெட்டை அந்தப் பலகையில் மாட்டுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளை போட்டால் பொடியாகக் கொட்டும். அங்கே ஸ்டாண்டே நல்லது.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடக்கூடாது. உள்ளே ஒயர் செங்குத்தாகத்தான் ஓடும். டிவியின் முதுகில் நான்கு ஸ்குரூ துளைகள் இருக்கும். அந்த இடைவெளிக்கு 'வெசா' அளவு என்று பெயர், 200-க்கு 200 மில்லிமீட்டர் என்பதுபோல் குறித்திருப்பார்கள். பிராக்கெட் வாங்கும் முன் இதைப் பார்த்துவிட்டால் கடைக்கு இரண்டு முறை அலைய வேண்டாம்.

விருதுநகர் வெயிலுக்கு இன்னொரு விஷயம். தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் சூடு முழுக்க மேலேதான் நிற்கும். கதவு நிலைக்கு மேல் மாட்டிய டிவி கத்திரியில் அந்தச் சூட்டிலேயே வேலை செய்கிறது. மாடக்குழிக்குள் வைப்பவர்கள் பின்பக்கமும் மேலேயும் காற்றுப் போக நாலு விரல் இடம் விட வேண்டும்.

ஓனர் என்ன சொல்லலாம்?

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கான புதிய சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. கட்டடப் பழுதைச் சரிசெய்வது ஓனரின் பொறுப்பு, ஆனால் குடியிருப்பவரால் வந்த சேதத்துக்கு இது பொருந்தாது. நான்கு துளை அந்தக் கணக்கில் வருமா என்று வாதாடுவதைவிட, மாட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு 'சரி' வாங்கி வைப்பது சுலபம். துளைக்கு முன்பும் காலி செய்யும்போதும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்தச் சுவரில் ஏற்கெனவே எத்தனை ஆணி இருக்கிறது என்றும் எண்ணிக் காட்டலாம். ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஊர். ஆணி இல்லாத சுவர் இங்கே ஏது?

விழாமல் இருக்க

2016-ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. குழந்தைகள் பிடித்து ஏறி, அவை சாய்ந்து உயிர்கள் போன பிறகு. 2022 டிசம்பரில் துணி அலமாரிகள் சாயாமல் இருப்பதற்கென்றே அங்கே தனிச் சட்டமும் வந்தது. டிவிக்கும் அதே இயற்பியல்தான். மெல்லிசாக, உயரமாக, முன்பக்கம் பிடிப்பில்லாமல் நிற்கும் பொருள். அந்தக் கால டியூப் டிவியின் கனம் முழுக்க கண்ணாடி முகத்தில் இருந்ததால் முன்பக்கமாகவே கவிழும். இப்போதையது லேசானது, அதனாலேயே இரண்டு வயதுக் குழந்தை இழுத்தாலே வந்துவிடும்.

ஸ்டாண்ட், கல், ரேக், எதில் வைத்தாலும் டிவியின் முதுகிலுள்ள வெசா துளையில் ஸ்குரூ போட்டு, நைலான் பட்டையால் பின்னால் கட்டுங்கள். சுவரில் துளை போட முடியாவிட்டால் கல்லைச் சுற்றியே கட்டலாம். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்கு மேலேயோ பின்னாலேயோ வைக்காதீர்கள். குழந்தை ஏறுவது டிவிக்காக இல்லை, பெரும்பாலும் அந்த ரிமோட்டுக்காகத்தான்.

மறந்துபோகும் செட்-டாப் பாக்ஸ்

சுவரில் மாட்டி முடித்து எலக்ட்ரீஷியன் கிளம்பிய பிறகுதான் கேபிள் பாக்ஸ் கையில் இருப்பது தெரியும். பல வீடுகளில் அது ஒயரில் தொங்கிக்கொண்டு அடுத்த தீபாவளி வரை ஓட்டும். பிராக்கெட் மாட்டும்போதே பக்கத்தில் முக்கால் அடிக்கு ஒரு சின்ன ஷெல்ஃபும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். ரிமோட் சிக்னல் நேர் கோட்டில்தான் போகும், டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் வேலை செய்யாது.

இடம் காலியானதும் பழைய 14 இன்ச் டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவது வழக்கம். அதன் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது, உள்ளே வெற்றிடமும் கூட. செம்புக்காக அதை உடைப்பவர்களுக்குத்தான் ஆபத்து. புது டிவி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம். அதுவரை ஒரு துணியைப் போர்த்தி, தரையிலேயே, முகம் சுவரைப் பார்த்து இருக்கும்படி வையுங்கள். பரணில் மட்டும் ஏற்ற வேண்டாம்.