மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் போதுமா?

நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் பி.காம். முடித்த கையோடு நிதித்துறையில் மேல்படிப்புக்குப் போக விரும்புகிறார்கள். கடையை யார் கவனிப்பது என்ற கவலை இருக்கட்டும். அதைத் தனியாகப் பேசுவோம். நுழைவுத் தேர்வு முடிவு வந்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவுப்பா?" என்பதுதான். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.இ. தேர்வை எடுத்துக்கொள்வோம். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். இரண்டையும் கூட்டி 340க்கு இவ்வளவு என்று சொல்வது நாம்தான்; தேர்வு நடத்துகிறவர்கள் அப்படிக் கூட்டித் தருவதில்லை. ஒரு பையன் கணிதத்தில் 168, ஆங்கிலத்தில் 152 வாங்குகிறான். இன்னொருவன் கணிதத்தில் 155, ஆங்கிலத்தில் 165. இருவருக்கும் 320தான். ஆனால் நிதிப் படிப்புக்கு விண்ணப்பித்தால் முதல் பையனின் தாளைத்தான் எடுத்து வைப்பார்கள். அங்கே பாடமே நிகழ்தகவு, புள்ளியியல், பங்குச் சந்தைக் கணக்குகள் என்றுதான் போகும். 155 வாங்கியவன் முதல் பருவத்திலேயே திணறுவானோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் 160 வாங்கினால் தேர்வு எழுதியவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் பின்னால் நிற்பார்கள். அதே 160ஐக் கணிதத்தில் வாங்கினால் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் தாண்டியிருக்கிறோம். ஒரே எடைக்கல் என்று நினைத்து இரண்டு தட்டிலும் வைக்கக்கூடாது!

ஜிமேட் தேர்வில் மொத்த மதிப்பெண் தருகிறார்கள். 2023 நவம்பரில் வந்த புது முறையில் கணிதம், ஆங்கிலம், தரவு ஆய்வு என மூன்று பிரிவு. மொத்தம் 205 முதல் 805 வரை. பக்கத்துக் கடைக்காரர் மகன் பழைய முறையில் வாங்கிய 700, இன்றைய 645க்குத்தான் சமம். இது தெரியாமல் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

நம் நாட்டு ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு இன்னும் கறாரானது. மூன்று பிரிவுக்கும் தலா 40 நிமிடம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை மற்றதற்குக் கொண்டுபோக முடியாது. மொத்தத்துக்கு ஒரு வரம்பு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வரம்பு. ஒரு பிரிவில் சறுக்கினால் மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. வெளிநாட்டில் அப்படிக் கதவைச் சாத்துவதில்லை. விண்ணப்பம் முழுவதையும் படிக்கிறார்கள் என்பதால் ஈடுகட்ட வழி உண்டு.

ஆங்கிலம் குறைந்தவன் கட்டுரையிலும் நேர்காணலிலும் சமாளிக்கலாம். கணிதம் குறைந்தால் சற்றுச் சிரமம்தான். பட்டப்படிப்பில் புள்ளியியலிலும் வணிகக் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் இருந்தால் அதை எடுத்துக்காட்டலாம். பிளஸ் டூவில் கணிதமே இல்லாத வணிகப் பிரிவில் படித்த பிள்ளை, நுண்கணிதத்திலும் புள்ளியியலிலும் தனியாக ஒரு பாடம் படித்துச் சான்று வாங்கி இணைப்பது நல்லது. வெறும் விளக்கக் கடிதம் எழுதி அனுப்புவதில் நமக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடி எழுதுவதா என்பது காசுக் கணக்கு. ஜி.ஆர்.இ. கட்டணம் ஒரு முறைக்கு 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. விண்ணப்பக் கட்டணமோ பல கல்லூரிகளில் 100 டாலர் அளவில் இருக்கிறது. கணிதம் குறைந்த தாளை ஐந்தாறு இடங்களுக்கு அனுப்பி ஏமாறுவதைவிட, அந்தப் பணத்தில் மறுபடி எழுதுவதே லாபம். எந்த நாள் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு நாளின் கணிதத்தையும் இன்னொரு நாளின் ஆங்கிலத்தையும் சேர்த்து ஒரே தாளாக்க முடியாது.

ஒரு முறை எழுதினால் 21 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். மதிப்பெண் வர மேலும் எட்டு முதல் பத்து நாள் ஆகும். எனவே விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது முதல் தேர்வை எழுதிவிடச் சொல்லுங்கள்.