கனகம்மாசத்திரத்திலிருந்து துருக்கிக்கு ரோடு!

உங்களுக்குத் தெரியுமா?

சென்னை–திருத்தணி தேசிய நெடுஞ்சாலையில் (எண் 716) இருக்கிறது கனகம்மாசத்திரம். திருத்தணிப் பக்கம் போனால் முருகன் மலை, அதைத் தாண்டியதும் ஆந்திர எல்லை. அங்கே மூக்கைப்போல் நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மலைச் சிகரம், அந்தக் கால மாலுமிகளுக்குக் கடலிலிருந்தே கரையைக் காட்டிய அடையாளம்.

எதிர்த்திசையில் சென்னைக்கு வந்தால் ஆசிய நெடுஞ்சாலை 45. கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி ஆறுகளைக் கடந்து கொல்கத்தாவில் அது ஆசிய நெடுஞ்சாலை 1-ஐத் தொடுகிறது.

டோக்கியோவில் தொடங்கும் அந்தச் சாலை கொரியா, சீனா, வியட்நாம், தாய்லாந்து, மியான்மர், இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் எனக் கடந்து துருக்கி–பல்கேரியா எல்லையில் முடிகிறது. நீளம் சுமார் 20,557 கி.மீ.! ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையே மட்டும் கப்பல் ஏற வேண்டும்.