ஒரு செம்பனைக் கன்றும் 180 கோடி எழுத்துகளும்

மாணவர்களே, அசாம் ஜாவா வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் செம்பனைதான். கோல சிலாங்கூரிலுள்ள தென்னைமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை பயிரானது.

செம்பனையில் டுராவின் கொட்டை ஓடு தடித்தது. பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை. இரண்டையும் கலந்தால் கிடைக்கும் டெனெராவுக்கு மெல்லிய ஓடு. டுராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிக எண்ணெய். ஆனால், கன்றைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். டுராவைத் தவறாக நட்டுவிட்டால், 20 ஆண்டுகளுக்கும் மேலாக வருமானம் குறையும்.

இதற்கு வழி காண, மலேசிய செம்பனை வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்டோர் செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதில் சுமார் 180 கோடி டி.என்.ஏ. எழுத்துகள்! கருவிகள் அவற்றைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். அத்துண்டுகளைக் கணினியில் ஒட்டிச் சேர்த்து, தேடி எடுக்கும்படி அடுக்கி வைப்பது உயிர்த்தகவலியல்.

‘ஓட்டின் தடிமனைத் தீர்மானிப்பது எந்த மரபணு?’ என்று கேட்டு, கணக்கீட்டால் விடை தேடுவது கணிமை உயிரியல். பல மரங்களின் டி.என்.ஏ.வைப் பழத்தோடு ஒப்பிட்டபோது, ‘ஷெல்’ என்ற ஒரே மரபணு சிக்கியது. இன்று ஓர் இலைத்துண்டைச் சோதித்தாலே போதும். நாற்றுப்பண்ணையிலேயே வகை தெரிந்துவிடும்.

இரண்டு துறைகளுக்கும் இடையே உயர்ந்த வேலி இல்லை. ஒருவரே இரண்டையும் செய்வதுண்டு. நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, உயிரியலையும் கணினியையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.