வாசலில் காவல், உள்ளே வெட்டவெளி

சென்ற வாரம் கடவுச்சொல்லோடு நிறுத்தியிருந்தோம். ஹைதராபாத்தின் ஏ.பி. மகேஷ் கூட்டுறவு நகர வங்கியில் 2022 ஜனவரியில் நடந்த திருட்டிலும் கடவுச்சொல்லுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு வேறொன்றுக்கு இருந்தது என்பது என் எண்ணம். சுமார் 12 கோடியே 48 லட்சம் ரூபாய் அந்த வங்கியிலிருந்து போயிற்று. முதலில் சில கணக்குகள், அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கணக்குகள் என்று கிளை பிரிந்து, கடைசியில் நாடெங்கும் 938 ஏ.டி.எம்.களில் நோட்டாக வெளியே வந்தது. மார்ச் இறுதியில் நகரக் காவல் ஆணையர் சி.வி. ஆனந்த் விசாரணை விவரங்களை வெளியிட்டபோது பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது மின்னஞ்சல் கதையைத்தான். 2021 நவம்பரில் வங்கி ஊழியர்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தூண்டில் மின்னஞ்சல்கள் வந்தன. இரண்டு ஊழியர்கள் திறந்துவிட்டார்கள். அவர்களது கணினிகளில் வேவு மென்பொருள் உட்கார்ந்துகொண்டது. போலீஸ் அதே மூச்சில் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தலைமையகத்தையும் கிளைகளையும் பிரித்துவைக்கும் அமைப்பு வங்கியின் வலைப்பின்னலில் இல்லை. ஒரு கணினிக்குள் புகுந்தவருக்கு மற்றவையும் எட்டின. சூப்பர் யூசர் என்ற சர்வ அதிகாரக் கணக்குகள் மட்டும் பத்து இருந்தன.

இருநூறில் இரண்டு என்றால் நூற்றுக்கு ஒன்று. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைப் பூஜ்யமாக்கிவிடாது. ஆகவே ‘யார் திறந்தார்’ என்று விசாரிப்பதைவிட, திறக்கப்பட்ட அந்தக் கணினிக்கும் வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்பதே பயன் தரும். வெளியுலகத்தை நோக்கி ஃபயர்வால் வைப்பது பற்றி இன்று யாரும் தர்க்கம் செய்வதில்லை. வெப் சர்வருக்கும் டேட்டாபேஸ் சர்வருக்கும் இடையே, அலுவலகக் கணினிகளுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே, அதாவது நம் வீட்டு ஆட்களுக்கு நடுவிலேயே சுவர் வைக்க வேண்டும் என்றால்தான் முகம் சுளிக்கிறார்கள். திருட்டின் அளவைத் தீர்மானிப்பது அந்த உட்சுவர்தான் என்பது இந்த வாரத்து வாதம்.

ஃபயர்வால் என்பது அடிப்படையில் ஒரு பட்டியல். எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட் வழியாகப் போகலாம் என்று வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். வரும் ஒவ்வொரு பேக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் வரியின்படி அனுமதிக்கும் அல்லது தள்ளும். டேட்டாபேஸ் முன்னால் நிற்கும் பட்டியல் மிகச் சின்னதாக இருக்க வேண்டும். வெப் சர்வரின் முகவரியிலிருந்து, டேட்டாபேஸ் காதுகொடுக்கும் ஒரே போர்ட்டுக்கு (மைஎஸ்கியூஎல் என்றால் 3306, போஸ்ட்கிரஸ் என்றால் 5432) வரலாம். பராமரிப்பு வேலைக்கு, அதற்கென்றே ஒதுக்கிய ஒரு கணினியிலிருந்து வரலாம். மற்ற எல்லாம் தடை. இவ்வளவுதான் உள்ளே வரும் பக்கம். எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். டேட்டாபேஸிலிருந்து வெளியே போகும் பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். அமேசானின் கிளவுடில் ஃபயர்வால் வேலை பார்க்கும் புதிய ‘செக்யூரிட்டி குரூப்’ உருவாக்கினால், உள்ளே வருவது முழுக்க அடைத்தும் வெளியே போவது முழுக்கத் திறந்தும்தான் கையில் கிடைக்கும். அதை மாற்றாமல் விடுபவர்களே அதிகம் என்று சந்தேகிக்கிறேன். டேட்டாபேஸ் தானாக யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். யார் தொடங்கிய உரையாடல் என்பதை இன்றைய ஃபயர்வால்கள் நினைவில் வைத்திருப்பதால் அந்தப் பதில்கள் தனி விதி இல்லாமலே திரும்பிச் செல்லும். நேரம் சரிபார்க்க, பேக்கப் அனுப்ப, மென்பொருள் புதுப்பிக்க என்று சில தேவைகள் உண்டு. அவற்றையும் உள்ளேயே இருக்கும் குறிப்பிட்ட சர்வர்களுக்கு மட்டும் திறந்தால் தீர்ந்தது. திருடியதை வெளியே கொண்டுபோகவும், வெளியிலிருந்து கட்டளை வாங்கவும் திருடனுக்கு வேண்டியிருப்பது இந்தப் பின்வாசல்தான்.

இப்போது ஒரு கூர்மையான மறுப்பு வரும்: வெப் சர்வருக்கு அனுமதித்தே ஆக வேண்டுமே, அதையே பிடித்துவிட்டால் உங்கள் சுவர் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. ஓட்டை உள்ள ஒரு படிவத்தின் வழியாக எஸ்கியூஎல் கட்டளையைப் புகுத்தினால் அது அனுமதிக்கப்பட்ட போர்ட்டிலேயே மரியாதையாகப் போய்ச் சேரும், ஃபயர்வால் வழிவிடும். அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-ல் இதைப் போன்ற ஒன்று நடந்தது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, வாடிக்கையாளர் புகார்களுக்கான வலைவாசலுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். அதோடு நின்றிருந்தால் அந்த வாசலுக்குரிய தகவல் மட்டும் போயிருக்கும். அங்கிருந்து, அந்த வாசலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத 48 டேட்டாபேஸ்களை அவர்களால் தொட முடிந்தது. சுமார் 9,000 கேள்விகள் கேட்டுப் பதில் வாங்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. கடைசியில் ஏறக்குறைய 14 கோடியே 80 லட்சம் பேரின் விவரங்கள் போயின. புகார் வாசலுக்குத் தேவையான டேட்டாபேஸ்களுக்கு மட்டும் வழி திறந்து மற்றதை அடைத்திருந்தால் நுழைவு நடந்திருக்கும், இந்த எண்ணிக்கை நடந்திருக்காது. உட்சுவரிடம் நாம் கேட்பது அவ்வளவே. நகைக்கடைக்குள் வாடிக்கையாளர் வேடத்தில் திருடன் வரலாம், அதற்காக ஷோரூமுக்குள் நின்றபடியே பெட்டக அறைக்குக் கை எட்ட வேண்டுமா?

மகேஷ் வங்கியில் வெப் சர்வர் வழியாகவா வந்தார்கள், ஊழியர் கணினி வழியாகத்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் வாதம் அதனால் பலப்படுகிறது. மின்னஞ்சல் பார்க்கும் கணினிக்கு மையத் தரவு சர்வரோடு நேரடியாகப் பேச எந்தக் காரணமும் இல்லை. காரணம் இல்லாத வழி திறந்திருப்பதற்குப் பெயர்தான் பாதுகாப்புக் குறை. இங்கே ஓர் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சூப்பர் யூசரின் கடவுச்சொல்லைத் திருடி, வங்கி மென்பொருளின் சொந்தத் திரை வழியாகவே ஒருவர் உள்ளே போனால் போர்ட் எண்ணைப் பார்க்கும் விதிக்கு அதில் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சர்வ அதிகாரக் கணக்குகளைக் குறைப்பதும், அவை இன்னின்ன கணினிகளிலிருந்து மட்டுமே நுழையலாம் என்று கட்டுவதும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். ரிசர்வ் வங்கி நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கான இணையப் பாதுகாப்பு நெறிகளை 2018 அக்டோபரிலும், விரிவாக 2019 டிசம்பரிலும் வெளியிட்டிருந்தது. வங்கித் தொழில்நுட்பத்துக்கென்று ரிசர்வ் வங்கி நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. இருப்பதும் இதே ஹைதராபாத்தில், 1996 முதல். ரிசர்வ் வங்கியின் நெறிகளைப் பின்பற்றாததற்காக 2023-ல் மகேஷ் வங்கிக்கு 65 லட்சம் ரூபாய் அபராதம் வந்தது. உட்சுவருக்கான செலவைச் சின்ன வங்கியால் தாங்க முடியுமா என்ற அனுதாபக் கேள்விக்கு இந்தத் தொகையே பாதிப் பதில். மீதிப் பாதி இது: லினக்ஸ் சர்வரிலேயே பேக்கெட் வடிகட்டி இலவசமாக இருக்கிறது, வலைப்பின்னலைப் பிரிக்கும் வசதி அலுவலகங்களில் ஏற்கெனவே வாங்கிவைத்த ஸ்விட்சுகளில் பெரும்பாலும் இருக்கிறது. பற்றாக்குறை பணத்தில் அல்ல, உட்கார்ந்து எழுதும் ஆளில்.

நாகரிகமான மறுப்பு ஒன்றும் உண்டு. இனி சுவர்களுக்கு வேலையில்லை, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆள் யார் என்று சரிபார்ப்பதே போதும் என்பது அது. கூகுள் அப்படி ஓர் அமைப்பைப் பற்றி 2014-லிருந்து எழுதிவருகிறது, நல்ல யோசனைதான். ஆனால் ஆள் யார் என்று கேட்பதற்கு முன் பேக்கெட் அந்த மென்பொருளின் கைக்குப் போயாக வேண்டும். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழு மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரை 1434 என்ற போர்ட்டில் தாக்கியது. மொத்தப் புழுவும் 376 பைட், ஒரே பேக்கெட். கடவுச்சொல் எதையும் அது கேட்கவில்லை, யாரும் எதையும் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்து நிமிடத்தில் பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, பலர் அதைப் போடவில்லை. அந்தப் போர்ட்டை அடைத்து ஒரு வரி எழுதியிருந்தவர்கள், திருத்தம் போடாமலே அன்று தப்பித்தார்கள். டேட்டாபேஸ் போர்ட்டை ஏன் உலகத்துக்குத் திறந்து வைத்திருந்தீர்கள் என்று மற்றவர்களைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

இன்னொரு மறுப்பை அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் சொல்வார்கள், அதில்தான் உண்மையான வலி இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மென்பொருள் நிறுவனத்து ஆள் ஒரு கோளாறைச் சரிசெய்ய வேண்டும், விதி தடுக்கிறது. தற்காலிகமாக எல்லோருக்கும் எல்லாமும் என்று ஒரு வரியைப் பட்டியலின் உச்சியில் போட்டுவிடுகிறார்கள். முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால் கீழே பார்த்துப் பார்த்து எழுதிய விதிகள் அந்த நொடியே செத்துப்போகின்றன. காலையில் அதை நீக்க யாருக்கும் நினைவிருக்காது, நினைவிருந்தால் தைரியம் இருக்காது. இதற்கு வழி விதியைத் தளர்த்துவதில் இல்லை. ஒவ்வொரு வரியோடும் கேட்டவர் பெயர், காரணம், காலாவதித் தேதி மூன்றையும் எழுதிவைத்து, தேதி கடந்ததும் தானே விழும்படி செய்யலாம். பட்டியல் நீள நீளப் பிழைகள் பெருகுகின்றன என்பதை அவிஷாய் வூல் என்ற ஆய்வாளர் 37 நிறுவன ஃபயர்வால்களை எடுத்துப் பார்த்து 2004-ல் காட்டினார்.

எழுதிய விதி வேலை செய்கிறது என்று நம்புவதும் தனி ஆபத்து. டேட்டாபேஸை டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளில் ஓட்டி அதன் போர்ட்டை வெளிக்காட்டினால், டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிமட்டப் பட்டியலிலேயே நேராகச் செருகிவிடும். உபுண்டுவின் யூ.எஃப்.டபிள்யூ. கருவி தடை என்று காட்டிக்கொண்டிருக்க, போர்ட் திறந்தே இருக்கும். ஆகவே பட்டியலைப் படித்துத் திருப்தி அடையாமல், வெப் சர்வரில் ஒருமுறை, ஊழியர் கணினியில் ஒருமுறை, வெளியே இணையத்தில் ஒருமுறை நின்று அந்தப் போர்ட்டைத் தட்டிப்பார்க்க வேண்டும். முதல் இடத்தில் மட்டும் பதில் வர வேண்டும். டேட்டாபேஸ் சர்வரில் நின்று வெளியே ஏதாவது ஓர் இணையதளத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். அது கிடைத்துவிட்டால் பின்வாசல் திறந்திருக்கிறது. தடுக்கப்பட்ட முயற்சிகளை லாகில் எழுதச் சொல்லிவிட்டால் குறுகிய பட்டியலின் இன்னொரு லாபம் கிடைக்கும். கேள்வி கேட்க வேண்டியவர் ஒரே ஒரு சர்வர் என்றால், கிளைக் கணினி ஒன்று 3306-ஐத் தட்டிய ஒற்றை வரியே அலாரம். எல்லோருக்கும் திறந்த இடத்தில் அந்த வரி லட்சத்தில் ஒன்றாகத் தொலைந்துபோகும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வைத்திருப்பவர்கள் பலர். யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.